புரூம் கடற்கரையின் டைனோசர் தடங்கள்: எப்போது போவது, எதைப் பார்ப்பது

ஜூலை மாதம் பெர்த்தில் இருக்கும் மகள் வீட்டுக்குச் செல்லவிருப்பதாகவும், அங்கிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலுள்ள புரூம் நகருக்குப் போய் மணற்பாறையில் பதிந்திருக்கும் டைனோசர் காலடித் தடங்களைக் காண விரும்புவதாகவும், ஆனால் முன்பு போய்வந்த உறவினர் ஒருவர் "சிமெண்டில் வார்த்த அச்சுகளைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டதால் தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கணவருக்கு முழங்கால் வலி இருப்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். போகலாமா, எப்போது போவது, போனால் தடத்தை எப்படி அடையாளம் காண்பது என்பவை உங்கள் கேள்விகள்.

தாராளமாகப் போகலாம். ஆனால் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பு புரூம் துறைமுகத்தின் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியலை, கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பெர்த்திலிருந்து சாலை வழியே 2,200 கிலோமீட்டருக்கும் மேல். விமானத்தில் இரண்டரை மணி நேரம். அவ்வளவு தொலைவு போய்விட்டுக் கடல் நிரம்பியிருக்கும் வாரத்தில் கரையில் நின்றால், உங்கள் உறவினர் சொன்னதையேதான் நீங்களும் திரும்பி வந்து சொல்வீர்கள்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. புரூம் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கான்தியூம் முனை என்னும் செம்பாறை மேட்டில், கலங்கரை விளக்கத்துக்கு அருகே, மூவிரல் தடங்களின் சிமெண்ட் அச்சுகள் பார்வையாளர்களுக்காகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. அசல் தடங்கள் அந்த மேட்டுக்குக் கீழே, கடலை நோக்கி நீளும் தட்டையான பாறைத் தளத்தில் இருக்கின்றன. நாளின் பெரும்பகுதி மட்டுமல்ல, மாதத்தின் பெரும்பகுதியும் அந்தத் தளம் நீருக்கடியில்தான் கிடக்கிறது. சுற்றுலாப் பேருந்தின் கால அட்டவணைப்படி நண்பகலில் வந்து இறங்குபவர்கள் மேட்டிலிருந்து கடலைப் பார்த்துவிட்டு, அச்சின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நண்பகல் ஏன் தவறான நேரம் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

சென்னையிலோ ராமேஸ்வரத்திலோ கடலைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் புரூமின் ஓதம் முதலில் நம்ப முடியாததாக இருக்கும். சென்னையில் கடல் மட்டம் ஏறி இறங்குவது அதிகபட்சம் ஒரு மீட்டர் அளவே. புரூமில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், அந்த வேறுபாடு 9 மீட்டரையும் தாண்டுகிறது. அகன்றும் ஆழம் குறைந்தும் இருக்கும் வடமேற்குக் கண்டத்திட்டின் மேல் ஏறிவரும் ஓத அலை கரையை நெருங்க நெருங்க உயர்ந்துவிடுவதே இதற்குக் காரணம். கடல் ஒரு நாளில் இரு முறை ஏறி இரு முறை வற்றுகிறது; இரண்டு வற்றங்களுக்கு இடையே சுமார் பன்னிரண்டரை மணி நேரம் இருக்கும். கான்தியூம் முனையின் தடங்கள் வெளியே தெரிய வேண்டுமானால் நீர்மட்டம் அட்டவணையில் 1.3 மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது உள்ளூரில் எல்லோரும் சொல்லும் அளவு. என்னைக் கேட்டால் 1 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்; அப்போதுதான் நின்று நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் கடல் அரைகுறையாக வற்றித் திரும்பிவிடும். அந்த வாரத்தில் எத்தனை முறை போனாலும் தடம் கண்ணில் படாது.

இதில் பயணிகளுக்குச் சாதகமான ஒரு செய்தியும் உண்டு. ஒரு குறிப்பிட்ட துறைமுகத்தில், பெரிய ஓதம் வரும் நாட்களின் தாழ்நிலை எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் நிகழும். புரூமில் அது விடியற்காலையையும் அந்திப் பொழுதையும் ஒட்டி வருகிறது; ஆகவே அந்நாட்களில் நண்பகலில் கடல் நிறைந்து நிற்கும். பௌர்ணமிக்குப் பின்வரும் இரண்டு மூன்று இரவுகளில், வற்றிய ரோபக் விரிகுடாவின் ஈரச் சேற்றுப் பரப்பின் மீது நிலவொளி படிப்படியாக விழுந்து ஏணி போலத் தோன்றும் காட்சியைப் புரூம் நகரம் "நிலவுக்கு ஏறும் படிக்கட்டு" என்று பெயரிட்டு, மார்ச் முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு மாதமும் நாள் குறித்து விளம்பரப்படுத்துகிறது. அந்தத் தேதிகளைப் பார்த்தாலே போதும். நிலவு எழும் நேரத்தில் கடல் வற்றியிருக்கும் நாட்களே தடங்களும் வெளிப்படும் நாட்கள். காலையில் தடங்களையும் இரவில் நிலவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஜூலையில் அங்கே சூரியன் உதிப்பது காலை ஆறே கால் மணியைக் கடந்த பின்பு. எனவே விடிந்தும் விடியாததுமாகக் கரையில் இருக்க வேண்டியிருக்கும். மாலை வற்றத்தை நம்பிப் போனால், தாழ்நிலை வருவதற்குள் இருட்டிவிடக்கூடும். சூரியன் ஐந்தரை மணிக்கே மறைந்துவிடுகிறது. காலை வற்றமே நல்லது. சாய்ந்து விழும் இளவெயிலில் தடங்களின் விளிம்புகள் நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும் என்பதும் கூடுதல் வசதி.

இனி, பார்க்கப் போவது எதை என்பது.

புரூம் மணற்பாறை என்று நிலவியலாளர்கள் அழைக்கும் அந்தப் பாறை, கிரிட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியில், ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகளுக்கும் 12.7 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் படிந்தது. இன்று பாலைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் இந்த நிலம் அன்று ஒரு பெரிய ஆற்றின் கழிமுகமாக இருந்தது. காடுகளும் அவற்றிடையே ஈர மணற்பரப்புகளும் ஆழமற்ற நீர்நிலைகளுமாக விரிந்த சமவெளி. கோண்ட்வானா என்னும் பெருங்கண்டம் உடைந்துகொண்டிருந்த காலம் அது. இந்தியத் துணைக்கண்டம் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலிருந்து பிரிந்து விலகத் தொடங்கியதும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான். அந்த வகையில் நாம் பார்க்கப் போகும் தடங்கள் நம் நிலத்துக்கு முற்றிலும் அயலானவை அல்ல.

இந்தப் பாறையில் டைனோசர் எலும்புகள் கிடைப்பதில்லை என்றே சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவின் பெயர்பெற்ற டைனோசர் எலும்புகள் பெரும்பாலும் கண்டத்தின் கிழக்குப் பாதியில், இதைவிடப் பிற்பட்ட காலப் பாறைகளில் கிடைத்தவை. மேற்குப் பாதியில் டைனோசர்கள் எப்படி இருந்தன என்பதை அறிய நமக்கு இருக்கும் முதன்மைச் சான்று இந்தத் தடங்கள்தாம். எலும்பு, இறந்த விலங்கு ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. அதை ஆறு எங்கிருந்து வேண்டுமானாலும் அடித்துவந்து போட்டிருக்கலாம். தடத்தை யாரும் இடம் மாற்ற முடியாது. அந்த விலங்கு உயிரோடு, அதே இடத்தில், குறிப்பிட்ட திசையில் நடந்தது என்பதற்கு அதுவே நேரடி ஆதாரம்.

ஈர மணலில் பதிந்த காலடி அடுத்த ஓதத்திலேயே அழிந்திருக்க வேண்டியது, கல்லாகி எப்படி நிலைத்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இது தெரியாமல் பாறையில் கிடக்கும் பள்ளங்களைப் பிரித்தறிய முடியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். நாற்று நடும் வயலில் இறங்கியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: சேறு மிகவும் இளகியிருந்தால் காலை எடுத்தவுடன் குழி மூடிக்கொள்ளும், காய்ந்து இறுகியிருந்தால் காலே பதியாது, இரண்டுக்கும் நடுவிலான பதத்தில்தான் விரல்வரை தெளிவாக விழும். அந்தப் பதத்தில் விழுந்த தடம் சற்றே உலர்ந்து, பின்னர் வந்த வெள்ளம் வேறு தன்மையுள்ள மணலையோ வண்டலையோ மெதுவாக அதன் மேல் பரப்பிவிட்டால், தடம் அச்சுப்போலப் பாதுகாக்கப்படுகிறது. மேலே படிவுகள் குவியக் குவிய, நிலத்தடி நீரில் கரைந்திருந்த தாதுக்கள் மணல் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துப் பாறையாக்குகின்றன. பல கோடி ஆண்டுகளுக்குப் பிறகு மேலடுக்கை அரிப்பு நீக்கும்போது, இரண்டு அடுக்குகளும் பிரியும் மட்டத்தில் தடம் வெளியே வருகிறது. புரூமில் அந்த அரிப்பு வேலையைச் செய்வது கடலோதம். தடத்தைத் திறந்து காட்டுவதும் அதுவே. திறந்த தடத்தைத் தேய்த்து அழிப்பதும் அதுவே. புயலுக்குப் பின் மணல் விலகிப் புதிய தடங்கள் தெரிவதும், முன்பு தெரிந்தவை மணலுக்குள் மூடப்படுவதும் அங்கே வழக்கமான நிகழ்வுகள்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பல டன் எடையுள்ள விலங்கு கால் வைக்கும்போது, மேல்மணல் மட்டும் அமுங்குவதில்லை. அதன் கீழே இருக்கும் அடுக்குகளும் வளைந்து அமுங்குகின்றன. மேல் அடுக்கு அரிந்து போன பிறகும் கீழ் அடுக்கின் வளைவு எஞ்சியிருக்கும். இதை அடித்தடம் என்று சொல்லலாம். விரலும் நகமும் மங்கி, வெறும் வட்டக் குழியும் அதைச் சுற்றிப் பிதுங்கிய பாறை வளையங்களுமாகத் தெரிபவை பெரும்பாலும் இத்தகையவை. புரூம் கரையின் சில பகுதிகளில் கழுத்து நீண்ட சோரோபாட் டைனோசர்கள் திரும்பத் திரும்ப நடந்ததால் நிலத்தின் வடிவமே மாறிப்போயிருக்கிறது என்று, இந்தக் கரையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டோனி தல்போர்ன் 2012இல் எழுதினார். பாறையின் மேடுபள்ளங்களை வெறும் அலையரிப்பு என்று கடந்துபோகும் கண்ணுக்கு அந்தக் கட்டுரை ஒரு நல்ல பாடம்.

கான்தியூம் முனையில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது முதன்மையாக மூவிரல் தடங்களை. இரண்டு காலில் நடந்த ஊனுண்ணி டைனோசர்களின் தடங்கள் அவை. எட்வின் கோல்பெர்ட், டங்கன் மெரிலீஸ் ஆகிய இருவரும் 1967இல் அவற்றை முறைப்படி விவரித்து மெகலோசரோபஸ் புரூமென்சிஸ் என்று பெயரிட்டார்கள். தொல்லுயிரியலில் தடத்துக்கு வைக்கும் பெயர் தடத்துக்கு மட்டுமே உரியது. அதைப் பதித்த விலங்கின் பெயராக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. வழிகாட்டிகள் சிலர் "இது மெகலோசரஸ் நடந்த இடம்" என்று சுருக்கிச் சொல்லிவிடுவார்கள், அது சரியல்ல.

மேட்டில் இருக்கும் சிமெண்ட் அச்சை அலட்சியம் செய்யாதீர்கள். கீழே இறங்குவதற்கு முன்பு அதன் முன் சில நிமிடங்கள் குனிந்து நின்று அளவையும் வடிவையும் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளங்கையை விரித்து ஒரு விரலின் நீளத்தைச் சாண் கணக்கில் அளந்துகொள்ளுங்கள். கீழே பாறைத் தளத்தில் நிற்கும்போது முதல் பத்து நிமிடங்களுக்கு எதுவும் தெரியாது. பழுப்பும் சிவப்புமான பாறையெங்கும் பாசி படிந்திருக்கும். சிப்பி ஒட்டிய முனைகளும், அலை குடைந்த நூறு குழிகளும், ஒவ்வொரு குழியிலும் தேங்கிய நீருமாக இருக்கும். அந்த நீரைத்தான் பார்க்க வேண்டும். கடல் வடிந்தவுடன் தடங்களிலும் நீர் தேங்கி நிற்கும். வானத்தின் வெளிச்சம் அதில் பட்டு, சுற்றியிருக்கும் மங்கிய பாறையிலிருந்து மூன்று விரல்களின் வடிவம் தனித்துத் தெரியும். நடுவிரல் நீண்டும் பக்க விரல்கள் இரண்டும் விலகியும், பின்னால் குதிப்பகுதி ஒடுங்கியும் இருக்கும். ஒன்று தெரிந்துவிட்டால் அதோடு நிறுத்தாமல், அதன் நடுவிரல் காட்டும் திசையில் நேராகப் பாருங்கள். சில அடி தள்ளி, சற்றே இடமோ வலமோ ஒதுங்கி, அடுத்தது இருக்கக்கூடும். தனியாகக் கிடக்கும் குழி பற்றி ஐயம் எழலாம்; சீரான இடைவெளியில் மூன்று குழிகள் வரிசையாக வந்தால் ஐயத்துக்கு இடமில்லை. அலை குடைந்த குழிக்கு இடது, வலது கிடையாது.

கண் பழக ஒரு வழி சொல்கிறேன். அருகிலுள்ள ஈர மணலில் கடற்பறவைகள் நடந்துபோன தடங்களைப் பாருங்கள். பறவைகள், தெரோபாட் எனப்படும் இந்த ஊனுண்ணி டைனோசர்களின் நேர்வழித் தோன்றல்கள். விரல்களின் அமைப்பும், ஒரே கோட்டில் அடிவைக்கும் நடையும் பெரிதும் ஒத்திருக்கும். சின்னதைப் பார்த்துவிட்டுப் பெரியதைத் தேடுவது எளிது.

மற்ற வகைத் தடங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரு காலில் நடந்த தாவரவுண்ணிகளான ஆர்னித்தோபாட்களின் தடத்திலும் மூன்று விரல்களே உண்டு. ஆனால் விரல்கள் பருத்து, நுனி மழுங்கி, மொத்தத் தடமும் நீளத்தளவு அகலம் கொண்டதாக இருக்கும். சோரோபாட்களின் பின்காலடி பெரிய நீள்வட்டத் தொட்டியாகவும், அதற்கு முன்னே முன்காலடி பிறை வடிவில் சிறியதாகவும் இருக்கும். புரூமுக்கு வடக்கே பதிவு செய்யப்பட்ட சோரோபாட் தடங்களில் மிகப் பெரியவை 1.7 மீட்டர் நீளம். அவற்றைப் பதித்த விலங்கின் இடுப்பே 5 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உலகில் இதுவரை பதிவான டைனோசர் தடங்களில் மிகப் பெரியவற்றுள் அவை இடம்பெறுகின்றன.

ஒரு சிறு கணக்கையும் செய்து பார்க்கலாம். கூட வரும் பேரக் குழந்தைகள் இருந்தால் இதை விரும்புவார்கள். இரு காலில் நடந்த டைனோசரின் இடுப்பு உயரம், தடத்தின் நீளத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரே காலின் அடுத்தடுத்த இரண்டு தடங்களுக்கு இடையிலுள்ள தொலைவை நடை நீளம் என்று கொண்டால், அதை இடுப்பு உயரத்தால் வகுத்து வரும் எண் 2க்குக் குறைவாக இருந்தால் விலங்கு நடந்திருக்கிறது, 2.9ஐத் தாண்டினால் ஓடியிருக்கிறது. பிரிட்டனின் விலங்கியலாளர் மெக்நீல் அலெக்சாண்டர் 1976இல் வெளியிட்ட சூத்திரம் இதிலிருந்து வேகத்தையும் கணிக்கிறது. எடுத்துக்காட்டாக, 45 சென்டிமீட்டர் நீளத் தடம், 2.7 மீட்டர் நடை நீளம் என்று வைத்துக்கொண்டால், இடுப்பு உயரம் 1.8 மீட்டர், விகிதம் 1.5, வேகம் மணிக்குச் சுமார் 7 கிலோமீட்டர். அதாவது நாம் விரைந்து நடக்கும் வேகம். உலகெங்கும் கிடைத்த தடவரிசைகளில் பெரும்பாலானவை இப்படி நடந்தவையே. எல்லா டைனோசரும் எப்போதும் பாய்ந்து கொண்டிருந்தன என்ற எண்ணம் திரையரங்கில் உண்டானது.

இந்தக் கரையின் முழு அளவு வெளியுலகுக்குத் தெரியவந்தது அண்மையில்தான். அதற்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. புரூமுக்கு வடக்கே 50 கிலோமீட்டருக்கும் அப்பால், ஜேம்ஸ் பிரைஸ் முனை என்று வரைபடங்கள் குறிக்கும் இடத்தை, அதன் மரபுவழிக் காவலர்களான கூலராபூலு மக்கள் வல்மடனி என்று அழைக்கிறார்கள். 2008இல் மேற்கு ஆஸ்திரேலிய அரசு, திரவ இயற்கை எரிவாயு ஆலை ஒன்றுக்காக அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது. கரையில் தடங்கள் இருப்பதைத் தலைமுறைகளாக அறிந்திருந்த கூலராபூலு மக்கள், அவற்றை அறிவியல் முறையில் பதிவு செய்யத் தாங்களே குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவ் சாலிஸ்பரியை அணுகினார்கள். அவரும் குழுவினரும் மரபுக் காவலர்களோடு சேர்ந்து 400 மணி நேரத்துக்கும் மேல் அந்தக் கரையில் செலவிட்டு, 2017இல் வெளிவந்த ஆய்வில் 21 வகைத் தடங்களை விவரித்தார்கள்: ஊனுண்ணிகள் ஐந்து வகை, சோரோபாட்கள் ஆறு வகை, ஆர்னித்தோபாட்கள் நான்கு வகை, கவசம் போர்த்த டைனோசர்கள் ஆறு வகை. ஆஸ்திரேலியாவில், முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசர்கள் வாழ்ந்தன என்பதற்கு உறுதியான சான்று கிடைத்ததும் அங்கேதான். ஒரே பாறைத் தொகுதியில் இத்தனை வகைத் தடங்கள் வேறெங்கும் பதிவானதில்லை என்று அந்தக் குழு கூறியது. அதற்குள் 2011இல் மேற்குக் கிம்பர்லி பகுதி தேசிய மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது இந்தத் தடங்களும் அதில் இடம்பெற்றன. 2013இல் வுட்சைட் நிறுவனம் அங்கே ஆலை கட்டும் திட்டத்தைக் கைவிட்டது. ஆய்வாளர்கள் புதிதாகப் பெயரிட்ட தடங்கள் சிலவற்றில் கூலராபூலு குடும்பங்களின் பெயர்களும் ஊர்ப்பெயரும் இருப்பதைக் காணலாம். அது உபசாரம் அல்ல, உரிய கடன்.

அந்த மக்களுக்கு இவை டைனோசர் தடங்கள் மட்டுமல்ல. மூவிரல் தடங்கள், படைப்புக் காலத்தில் இந்தக் கரையோரம் நடந்து மக்களுக்கு நெறிமுறைகளை வகுத்துத் தந்த மரலா என்னும் ஈமு மனிதனின் காலடிகள். தடங்களுக்கு அருகே பாறையில் காணப்படும் தாவர இலைப் படிவுகள், மரலா உட்கார்ந்தபோது பதிந்த அவனுடைய வால் இறகுகளின் அச்சுகள் என்று சொல்கிறார்கள். கரை நெடுக இந்த வரலாற்றைப் பாடலாகப் பாடிவரும் மரபு உண்டு. அந்தப் பாடல் வழியை ஒட்டி, மூத்தவரான பேடி ரோ 1987இல் லுருஜாரி மரபு நடைபயணத்தைத் தொடங்கி வைத்தார். தடங்களை எங்கு தேட வேண்டும் என்பதை ஆய்வாளர்களுக்குக் காட்டியதும் பெரிதும் இந்த அறிவுதான். ஆகவே, கான்தியூம் முனையில் இறங்கும்போது நீங்கள் ஒரு காட்சிப் பொருளை மட்டுமல்ல, இன்றும் வழிபாட்டுக்குரியதாக இருக்கும் ஓர் இடத்தையும் மிதிக்கிறீர்கள் என்பது நினைவில் இருக்கட்டும். புரூம் நகரமும் அதைச் சூழ்ந்த நிலமும் யாவுரு மக்களுடையவை. கான்தியூம் முனைக்கு அவர்கள் வழங்கும் பெயர் மின்யிர்.

எப்படி நடந்துகொள்வது என்பதற்கு நீண்ட பட்டியல் தேவையில்லை. 1996இல் புரூம் அருகே தடங்களைப் பாறையோடு வெட்டித் திருடிச் சென்ற சம்பவம் நடந்தது. வல்மடனி போன்ற பகுதிகளில் துல்லியமான இடங்களை இன்றுவரை வெளிப்படையாகச் சொல்லத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸால் கோடிடுவதும், களிமண்ணோ பிளாஸ்டரோ ஊற்றி அச்செடுப்பதும், தேங்கிய மணலைக் கம்பியால் சுரண்டுவதும் தடத்தைக் கெடுக்கும். தெளிவான படம் வேண்டுமானால், விடியலுக்கு முன்பு கைவிளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்து ஒளி வீசுங்கள். பகல் வெளிச்சத்தில் தெரியாத விரல் விளிம்புகூட நிழலாக எழும். அளவுக்கு அருகில் ஒரு காலணியை வைத்து எடுத்தால் போதும்.

பாதுகாப்பு பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 9 மீட்டர் வற்றும் கடல் அதே வேகத்தில் திரும்பி வரும். தட்டையான பாறைத் தளத்தில் நீர் பின்பக்கத்துப் பள்ளங்கள் வழியே முதலில் நுழைந்து, நீங்கள் நிற்கும் இடத்தைத் தீவாக்கிவிடும். அட்டவணையில் குறித்துள்ள தாழ்நிலைக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்குங்கள். தாழ்நிலை கடந்து அரை மணிக்குள் மேலேறத் தொடங்கிவிடுங்கள். வெறுங்காலோ ரப்பர் செருப்போ கூடாது. பாசியில் வழுக்கும், சிப்பி விளிம்பு கத்திபோல் அறுக்கும். பாறைக் குட்டைகளுக்குள் கையை விடாதீர்கள். நச்சுள்ள கல்மீனும், நீல வளைய ஆக்டோபஸும், கூம்புச் சங்கும் அந்தக் கடற்கரைக்கு உரியவை. ஜூலை வறண்ட பருவத்தின் நடுப்பகுதி என்பதால் மழைக்கும் புயலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பள்ளி விடுமுறைக் கூட்டத்தால் தங்குமிடக் கட்டணம் ஏறியிருக்கும்.

வல்மடனிக்கும் போக ஆசைப்படுவீர்கள். செம்மண் பாதை, நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி வேண்டும், போய்ச் சேர்ந்தாலும் துணையின்றித் தடங்களைக் கண்டுபிடிப்பது அரிது. முதல் முறை செல்பவர்கள் புரூமுக்கு அருகிலுள்ளவற்றோடு நிறுத்திக்கொள்வதே விவேகம் என்பது என் கருத்து.

கடைசியாக, உங்கள் கணவரின் முழங்கால். கான்தியூம் முனையில் மேட்டிலிருந்து தளத்துக்கு இறங்கப் படிக்கட்டு இல்லை. ஒழுங்கற்ற பாறைகளின் மேல் கால் வைத்து, சில இடங்களில் கைகளையும் ஊன்றி இறங்க வேண்டும். இறங்குவதைவிட, ஈரப் பாறையில் திரும்ப ஏறுவதுதான் முழங்காலுக்குக் கடினம். அவர் கைத்தடியோடு சமதரையில் அரை மணி நேரம் நடக்கக்கூடியவராக இருந்தாலும், இந்த இறக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு மாற்றாக, ரோபக் விரிகுடாவில் இயங்கும் ஹோவர்கிராஃப்ட் பயணங்கள் கடல் வற்றிய நேரத்தில் டைனோசர் தடங்கள் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகின்றன. பாறையில் இறங்கி ஏறும் சிரமம் அதில் குறைவு. முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள்: அன்றைய தாழ்நிலை எத்தனை மீட்டர், வண்டியிலிருந்து இறங்கித் தடம் வரை எவ்வளவு தூரம் எப்படிப்பட்ட தரையில் நடக்க வேண்டும். எல்லா நாளும் எல்லாப் பயணமும் தடங்களுக்குப் போவதில்லை. ஜூலை பௌர்ணமிக்கு முந்தைய நாள் போய்ச் சேர்ந்து நான்கு இரவுகள் தங்குமாறு ஏற்பாடு செய்தால், தாழ்ந்த வற்றங்கள் மூன்று நான்காவது கையில் இருக்கும். முதல் காலை நீங்கள் மட்டும் மகளோடு கான்தியூம் முனைக்கு இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள், அடுத்த காலைக்கு ஹோவர்கிராஃப்டில் மூவருக்கும் இடம் போட்டுக்கொள்ளுங்கள்.